மருந்து எப்ப வருமுங்க?

ஜனவரி 9, வியாழன்

காலையில் என் கணவன் ராபின் பேப்பரை மடித்து என் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். ஐந்தாம் பக்கம். "நரம்பு முடக்க நோய்க்கு மருந்து: கோவைப் பெண் விஞ்ஞானி சாதனை." கீழே வெள்ளைக் கோட்டில் நான். மைக்ராஸ்கோப்பில் குனியாமல் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன். தாடை பெரிதாகத் தெரிகிறது.

செய்தியின் கடைசி வரி: "ஐந்து ஆண்டுகளுக்குள், ஏன், அதற்கு முன்பே கூட மருந்து நோயாளிகளைச் சென்றடையும் என்றார் டாக்டர் ஷெர்லின்."

பத்திரிகைக்காரர்கள் இப்படித்தான். நாம் ஒன்று சொன்னால் அவர்கள் வேறொன்று எழுதுவார்கள்.

நாங்கள் உண்மையில் செய்ததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். மூளையில் நரம்புச் செல்கள் ஒன்றோடு ஒன்று பேச குளூட்டமேட் என்ற பொருளை வெளியே விடுகின்றன. பேசி முடித்ததும் அது அங்கேயே தேங்கினால் நரம்பையே தீய்த்துவிடும். அதை உறிஞ்சிச் சுத்தம் செய்வது பக்கத்தில் இருக்கும் துணைச் செல்கள். நரம்பு துருப்பிடிக்காமல் காக்கும் குளூட்டத்தயோனைச் சேர்த்து வைப்பதும் அவைதான். மூளையே சுரக்கும் ஒரு சின்னப் புரதத் துணுக்கு, நியூரோபெப்டைடு, இந்த இரண்டு வேலையையும் முடுக்கிவிடுகிறது என்று கண்டோம். கண்டது ஒரு தட்டில். ஆரோக்கியமான எலிக்குட்டிகளின் செல்களில். அவ்வளவுதான்.

இயக்குநர் போனில் வாழ்த்தினார். ராபின் செய்தியை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறான்.

ஜனவரி 10

ஆபீஸ் நம்பருக்கு விடாமல் போன். கோபியிலிருந்து ஒருவர், திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெண், தன் அண்ணனுக்காக. மருந்து எங்கே கிடைக்கும் என்கிறார்கள். ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி வைக்கிறேன். பொய் இல்லை.

சிறுவாணித் தண்ணீர் இன்றும் வரவில்லை. பக்கத்து பிளாக்கில் இரண்டு குடம் கேட்டு வாங்கினோம்.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் விடுமுறை முடிந்து இன்றுதான் லேப் திறந்தோம். பத்து மணிக்கு செக்யூரிட்டி கூப்பிட்டார். கரூரிலிருந்து ஒருத்தர் மனைவியோடு வந்திருக்கிறாராம், பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு.

அவர் பெயர் சென்னியப்பன். பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். முன்கை முழுக்கப் பொறி பட்ட புள்ளிகள். மனைவி வசந்தாமணி, நாற்பத்தேழு வயது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தவர். போன வருடம் ஆடியில் கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. அப்புறம் நாக்கு. இப்போது பேச்சு குழறுகிறது. சோற்றைக் குழைத்துத்தான் கொடுக்கிறாராம். ஏ.எல்.எஸ்., அந்த நரம்பு முடக்க நோய்தான், என்று கோவை டாக்டர் சொல்லிவிட்டார்.

"இந்தப் பேரு போட்ட மருந்து தானுங்களே மேடம்?" என்று செய்தியைக் காட்டினார். பெப்டைடின் பெயரை யாரிடமோ கேட்டுத் தமிழில் எழுதி வைத்திருந்தார்.

உட்காரவைத்து விளக்கினேன். குளூட்டமேட், துணைச் செல், துரு. அவர் கவனமாகக் கேட்டார்.

"நாங்க வெல்டிங் அடிக்கறப்ப பொறி பறக்குமுங்க. தரையில எண்ணெய்த் துணி கிடந்தா ஒருத்தன் ஈரச் சாக்கோட பக்கத்துலயே நிப்பான். இவளுக்குச் சாக்குக்காரன் லீவு போட்டுட்டானாட்டம் இருக்குது. உங்க மருந்து அவனைக் கூட்டிட்டு வருது. அப்படித்தானுங்களே?"

அப்படித்தான் என்றேன். வசந்தாமணி அவரைப் பார்த்துச் சிரித்தார். ஒரு பக்க உதடுதான் மேலே போயிற்று. சென்னியப்பன் தன் துண்டு நுனியால் மனைவியின் வாயோரத்தைத் துடைத்தார், நான் பார்க்கிறேன் என்று கூச்சப்படாமல்.

"மருந்து எப்ப வருமுங்க?"

"இன்னும் சில கட்டம் இருக்குங்க."

"தை முடிஞ்சு வந்துருமுங்களா?"

நான் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. என் செல்போன் நம்பரைக் கொடுத்தேன். அது வேண்டாத வேலை என்று ராபின் சொல்கிறான்.

ஜனவரி 22

சென்னியப்பன் போன். பொங்கலுக்கு வாங்கிய கரும்பை மிக்ஸியில் அடித்துச் சாறு கொடுத்தாராம். இரண்டு மடக்கு இறங்கிற்றாம்.

ஜனவரி 31, வெள்ளி

இன்று முழுக்க திரவ நைட்ரஜன் கேன் தகராறு. சப்ளைக்காரர் பாதி நிரப்பிவிட்டு முழுசுக்குக் கையெழுத்து கேட்கிறார். பர்வீன் ஸ்கேலை உள்ளே விட்டு அளந்து காட்டி அவர் வாயை அடைத்தாள். என்னிடம் பிஎச்.டி. செய்கிற பெண். சத்தம் போடாமலே சண்டையில் ஜெயிப்பாள்.

அந்த நடுவில் சென்னியப்பன் கூப்பிட்டார். வயிற்றில் துளை போட்டு டியூப் வைத்துவிடலாம், சாப்பாடு நேராக இறங்கும் என்று அவர்கள் டாக்டர் டிசம்பரிலிருந்தே சொல்கிறாராம். வசந்தாமணி தயங்குகிறாராம். இவருக்கும் மனசில்லை. மருந்து வரப்போகிற நேரத்தில் அது எதற்கு, என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்டார். லேப் வாசலில் சப்ளைக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஏதோ சொல்லி வைத்தேன்.

பிப்ரவரி 6

பர்வீன் புதிய வேலையை ஆரம்பித்துவிட்டாள். இதுவரை பார்த்ததெல்லாம் ஆரோக்கியமான எலிகளின் துணைச் செல்கள். இப்போது அந்த நோய்க்கான மரபுக் கோளாறு உள்ள எலிகளின் செல்கள். அவற்றின் மேல் நரம்புச் செல்களை வளர்த்து, பெப்டைடு சேர்த்து, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ண வேண்டும். இந்த வேலையை முதலில் செய்திருக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் தட்டுகளில் பெயர் எழுதும்போது ஒரு பார்வை பார்த்தாள்.

கேஸ் சிலிண்டர் புக் பண்ணினேன். அம்மா மார்த்தாண்டத்திலிருந்து நேந்திரங்காய் சிப்ஸ் அனுப்பியிருக்கிறாள்.

பிப்ரவரி 14

சென்னியப்பனிடமிருந்து மூன்று மிஸ்டு கால். மீட்டிங்கில் இருந்தேன். சாயங்காலம் கூப்பிடலாம் என்றிருந்தேன், நேரமாகிவிட்டது.

பிப்ரவரி 17

மீண்டும் இரண்டு. கூப்பிடவில்லை. சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லையே.

பிப்ரவரி 19, புதன்

பர்வீன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். லேப்டாப்பை மேசையில் வைத்தாள்.

நோயுள்ள துணைச் செல்களில் பெப்டைடு போட்டதும் குளூட்டத்தயோன் ஏறியிருக்கிறது, நன்றாகவே. ஆனால் நரம்புச் செல்கள் பிழைக்கவில்லை. பெப்டைடு போடாத தட்டைவிடப் போட்ட தட்டில் அதிகமாகச் செத்திருக்கின்றன.

"ரெண்டு தடவை பண்ணிட்டேன் மேடம். இது மூணாவது."

காரணம் எனக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. அதுதான் வலிக்கிறது. குளூட்டத்தயோன் செய்யத் துணைச் செல்லுக்கு வெளியிலிருந்து ஒரு மூலப்பொருள் வேண்டும். அதை உள்ளே எடுக்கிற வாசல், ஒன்றை உள்ளே விட்டால் ஒரு குளூட்டமேட்டை வெளியே தள்ளும். ஆரோக்கியமான செல் தள்ளியதைத் தானே மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். நோயுள்ள செல்லுக்கு உறிஞ்சும் சக்தி ஏற்கெனவே போய்விட்டது. அந்தச் செல்லைப் போய் முடுக்கிவிட்டால் ஒரு பக்கம் துரு குறைகிறது, இன்னொரு பக்கம் விஷம் சேர்கிறது. பாடப்புத்தகத்தில் இருக்கிற வாசல். நான் மாணவர்களுக்குப் படம் போட்டுக் கற்பித்த வாசல்.

"எழுதிடலாம்" என்றேன். "இயக்குநரிடம் நான் சொல்றேன்."

"பேப்பர்ல வந்தது?"

"அது அந்த நிருபர் போட்டது பர்வீன். ஐந்து வருஷம்னு நான் எங்கே சொன்னேன்?"

அவள் லேப்டாப்பை மூடினாள். "நானும் அன்னிக்கு அங்கதானே நின்னேன் மேடம்" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

பிப்ரவரி 20

நான்தான் சொன்னேன். அந்தப் பையன் பேனாவை மூடிவிட்டு எழுந்திருக்கிற நேரம். "ஜனங்களுக்கு நம்பிக்கையா ஒரு வரி சொல்லுங்க மேடம்" என்றான். நோயுள்ள செல்களிலும் இது வேலை செய்யுமா என்று அதற்கு முன்னால் கேட்டிருந்தான். செய்யும் என்றேன். அந்த வேலையை நாங்கள் தொடங்கவே இல்லை. அப்புறம் ஐந்து வருடம் என்றேன். அவன் முகம் மலர்ந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. "அதற்கு முன்பே கூட" என்று சேர்த்துக்கொண்டேன்.

ஃபிரிட்ஜிலிருந்து செய்தியைக் கிழித்தேன். டேப் ஒட்டிய இடம் பிசுபிசுவென்று நிற்கிறது. ராபின் ஏன் என்று கேட்டான். பழசாகிவிட்டது என்றேன்.

பிப்ரவரி 24

நானே கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"மேடம்! நீங்க பிஸியா இருப்பீங்கன்னு வசந்தா சொன்னாளுங்க. மருந்து வேலையா இருப்பாங்க, தொந்தரவு பண்ணாதீங்கன்னா."

வசந்தாமணிக்குத் தண்ணீர் கூடப் புரையேறுகிறது. ஆறு கிலோ குறைந்திருக்கிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம், தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்துத்தான் தூங்க வைக்கிறார். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. மருந்து கொடுக்கும்போது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னார்.

சனிக்கிழமை நேரில் வருகிறேன் என்றேன்.

"வீட்டுக்கேங்களா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "வசந்தா, மேடமே வர்றாங்களாம்" என்று கத்தினார். அந்தச் சந்தோஷத்தைக் கேட்டுவிட்டுப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மார்ச் 1, சனி

சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன். ராபின் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்துக்கொண்டே போனேன். கரூரில் இறங்கியபோது முதல் வார்த்தை கூட மிச்சமில்லை.

வெங்கமேட்டில் இரண்டு அறை வீடு. என்னை எதிர்பார்த்துத் தரையைக் கழுவிவிட்டிருந்தார். ஜன்னலோரம் கட்டிலில் வசந்தாமணி, நல்ல புடவை கட்டி, தலையில் கனகாம்பரம். ஜனவரியில் பார்த்தவரில் பாதி. கழுத்து நிற்காமல் ஒரு பக்கம் சாய்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்குகிறது. இடது கைக் கட்டைவிரல் மட்டும் அசைகிறது, அதில் ஒரு செல்போன்.

சென்னியப்பன் என் கைப்பையைப் பார்த்தார். மருந்து அதில் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

நின்றபடியே சொன்னேன். "மருந்து இல்லைங்க. இப்பவும் இல்லை, சீக்கிரத்துலயும் வராது. நான் அன்னிக்குப் பேப்பர்காரங்ககிட்ட சொன்னது தப்பு. இந்த நோய் இருக்கிற செல்லுல போட்டுப் பார்த்தோம். நல்லது பண்ணலை, கெடுதல்தான் பண்ணுச்சு."

அவர் சிரித்த முகம் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் அதை எப்படி மாற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இன்னும் ஒண்ணுங்க. அந்த டியூப். அதை உடனே வைக்கணும். மூச்சு இன்னும் குறைஞ்சா மயக்க மருந்து தாங்காது."

"நீங்கதானுங்களே மேடம் சொன்னீங்க" என்றார். கோபமாக இல்லை. நான் மறந்துவிட்டேனோ என்று நினைவூட்டுகிற மாதிரி. "நான் கேட்டனுங்களே. டியூப் வைக்கட்டுமான்னு. 'அவசரப்பட வேண்டாம், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்'னீங்க. அதைத்தானுங்க நான் டாக்டர்கிட்டயும் சொன்னேன். பெரிய மேடமே சொல்லிட்டாங்கன்னு."

ஆமாம். அதைத்தான் சொன்னேன். வாசலில் நின்ற சப்ளைக்காரரிடம் போக வேண்டியிருந்ததால் சொன்னேன்.

"தப்பாச் சொன்னேன். எனக்கு அதைச் சொல்ற தகுதி இல்லை. நான் நோயாளி பார்க்கிற டாக்டரே இல்லைங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "டீ வாங்கிட்டு வந்தர்றனுங்க" என்று வெளியே போனார். சமையலறையில் பாலும் டீத்தூளும் எடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

வசந்தாமணியின் கட்டைவிரல் அசைந்தது. எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. போனை என் பக்கம் திருப்ப முடியவில்லை, நான் குனிந்து படித்தேன்.

"நான் தான் டூப் வேண்டாம்னேன். வயித்துல ஓட்டை வெச்சுட்டு கிடக்க பயம். மருந்து வருதுன்னு அவரு நம்புனாரு. அதனால என்னைய கெஞ்சல. நீங்க பொறுங்கன்னு சொல்லாட்டியும் நான் வெச்சிருக்க மாட்டேன்."

நான் பதில் சொல்வதற்குள் மறுபடி எழுதினார்.

"அவருகிட்ட சொல்லாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதியது உண்மையா, இல்லை என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு எழுதினாரா? நான் அவர் வீட்டுக்காரரிடம் இதமாகச் சொன்ன பொய்களைப் போல ஒன்றா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் அவர் ஒரு மூச்சைச் செலவழிக்க வேண்டும்.

சென்னியப்பன் டீயோடு திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "வசந்தா, டியூப் வெச்சுக்கலாஞ்சாமி. எனக்காக" என்றார். அவர் கெஞ்சுவதை நான் கேட்டேதான் ஆக வேண்டியிருந்தது. வசந்தாமணி என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து இமையை மூடித் திறந்தார். சரி என்று அர்த்தம்.

மார்ச் 4

அவர்களுடைய டாக்டரிடம் கோவைக்கு வந்தார்கள். நானும் போனேன். மூச்சளவு எடுத்துப் பார்த்துவிட்டு அவர் தலையசைத்தார். வயிற்று டியூப்புக்குக் காலம் கடந்துவிட்டது, ஆபரேஷன் மேசையிலேயே உயிர் போய்விடலாம், மூக்கு வழியாக மெல்லிய குழாய் வைத்துக்கொள்ளலாம் என்றார். மூச்சுக்கு ஒரு மெஷின். "ஜனவரியில பண்ணியிருந்தா பிரச்சினை இல்லை" என்றார் என்னைப் பார்த்து. நான் யார் என்று அவருக்குத் தெரியாது. சொந்தக்காரி என்று நினைத்திருப்பார்.

மார்ச் 8

இயக்குநரிடம் புதிய முடிவைக் கொடுத்தேன். "இதையும் ஒரு நல்ல ஆராய்ச்சிப் பேப்பரா போடலாம்" என்றார். போடலாம்தான். பர்வீன் பெயர் முதலில் வர வேண்டும் என்றேன். பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பப்போகிறேன் என்றதும் அவர் முகம் சுருங்கியது. நிறுவனத்தின் பெயர் என்று ஏதோ ஆரம்பித்தார். நான் அதற்குள் அனுப்பிவிட்டிருந்தேன்.

மார்ச் 15

திருத்தம் வந்திருக்கிறது. பதினோராம் பக்கத்தில், டெண்டர் அறிவிப்புக்குக் கீழே, இரண்டு வரி. அம்மா இதைப் படிக்கவில்லை. பழைய செய்தியை இன்னும் சர்ச்சில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 23

கரூர் போய்வந்தேன். குழாயில் சத்துக்கஞ்சி ஊற்றுவதை சென்னியப்பன் நன்றாகப் பழகிவிட்டார். சூடு கையில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறார். ஒரு கிலோ ஏறியிருக்கிறது என்றார். என்னிடம் அதிகம் பேசவில்லை. வசந்தாமணியின் மூக்கில் பிளாஸ்டர் ஒட்டிய இடம் புண்ணாகியிருந்தது. கட்டைவிரலும் இப்போது வேலை செய்யவில்லை.

ஏப்ரல் 12, சனி

நேற்று விடிகாலை வசந்தாமணி இறந்துவிட்டார். சளி நெஞ்சில் இறங்கி இரண்டே நாள். சென்னியப்பனின் தம்பிதான் எனக்குச் சொன்னார், எல்லாம் முடிந்த பிறகு.

ஏப்ரல் 13

தட்டில் செல்களுக்குத் திரவம் மாற்றினேன். பழையதை எடுக்காமலே புதியதை ஊற்றி இரண்டு தட்டு பாழ். பர்வீன் வாங்கிக்கொண்டு, "நீங்க வீட்டுக்குப் போங்க மேடம்" என்றாள். போகவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 19, சனி

மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சென்னியப்பன் கூப்பிட்டார். நேற்று கருமாதி முடிந்ததாம்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க மேடம். அந்த மருந்து இருந்து, இவளுக்குக் குடுத்திருந்தா, பொழைச்சிருப்பாளுங்களா?"

"தெரியாதுங்க. நாங்க பார்த்த வரைக்கும், இன்னும் சீக்கிரமாப் போயிருக்கலாம்."

"அப்ப வராததே நல்லதுங்க" என்றார். பின்னால் பட்டறைச் சத்தம். வேலைக்குத் திரும்பிவிட்டிருக்கிறார்.

"நாந்தானுங்க அவளைக் கொன்னுபோட்டேன். டாக்டர் டிசம்பர்லயே சொன்னாரு. அப்பவே தூக்கிட்டுப் போயிருக்கோணும். மருந்து மருந்துன்னு உக்காந்திருந்தேன். ராத்திரி படுத்தா அதேதானுங்க ஓடுது."

வசந்தாமணி எழுதிக் காட்டியது என் நாக்கு நுனியில் நின்றது. அவங்களே வேண்டாம்னாங்க, நீங்க என்ன செய்திருந்தாலும் வைத்திருக்க மாட்டாங்க. அந்த ஒரு வாக்கியம் இவரை விடுவித்துவிடும். என்னையும் விடுவித்துவிடும். என்னையும் என்பதுதான் வாயைக் கட்டியது. சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். இவர் கெஞ்சுவாரே என்று மறைத்து வைத்தவரின் பயத்தை இப்போது இவரிடம் அவிழ்த்துக் காட்ட நான் யார்?

"இல்லீங்க" என்றேன். "நீங்க தானா முடிவு பண்ணலை. என்கிட்ட கேட்டீங்க. நான் பொறுங்கன்னேன். தெரியாத விஷயத்தைத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். போனை வைக்கிற அவசரத்துல சொன்னேன். அது நான் பண்ணினது. உங்களோடது இல்லை."

"நீங்க நல்லது நெனைச்சுத்தானுங்களே சொன்னீங்க?"

"இல்லைங்க. யோசிக்காம சொன்னேன்."

"அப்படி நெனைச்சேன்னா உங்க மேல கோவம் வருமுங்க மேடம்."

"வரட்டுங்க."

"ரொம்ப வருமுங்க."

"வரட்டும். நான் கேட்டுக்கறேன்."

முதலில் மெல்லத்தான் ஆரம்பித்தார், 'ங்க' போட்டே. பிறகு அந்த 'ங்க' உதிர்ந்து போயிற்று. படிச்ச திமிரு என்றார். எங்க உசுரு உனக்கு எலிக்குஞ்சா என்றார். பட்டறைச் சத்தம் நின்றுவிட்டது, அங்கே எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். ராபின் அறை வாசலில் வந்து யார் என்று சைகையில் கேட்டான். கையைக் காட்டி அவனைப் போகச் சொன்னேன். அவர் அழுதுகொண்டே திட்டினார், திட்டிக்கொண்டே அழுதார். முடிக்கும் வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.